பத்துக் காசு போதவில்லை

கையில் இருப்பது 120 பொற்காசு. ஊருக்குள் ஆயுதக் கடை ஒன்று இருக்கிறது. மூங்கில் தடி 10, கட்டை 60, செப்பு வாள் 180. உடுப்பு 20, தோல் கவசம் 70. பக்கத்துக் கடையில் காயம் ஆற்றும் பச்சிலை ஒன்று 24. செப்பு வாளை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். கட்டையும் தோல் கவசமும் கிடைத்தால் ஊர் எல்லைக்கு வெளியே துணிந்து நிற்கலாம். கூட்டிப் பார்த்தால் 130 வருகிறது. பத்துக் காசு போதவில்லை.

இந்தப் பத்துக் காசைத் திட்டமிட்டுக் குறைத்து வைத்தவர்கள் மேதைகள். 1986 மே 27 அன்று ஜப்பானில், நிண்டெண்டோவின் ஃபமிகொம் இயந்திரத்துக்காக வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’டின் முதல் கடை இது. விளையாட்டை எழுதி வடிவமைத்தவர் யுஜி ஹோரி. நிரலை அமைத்தது கொய்ச்சி நகமுராவின் சுன்சொஃப்ட், சித்திரம் அகிரா தொரியாமா, இசை கொய்ச்சி சுகியாமா. ஜே.ஆர்.பி.ஜி. என்று இன்று உலகம் அழைக்கும் ஜப்பானிய பாணிக் கதை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூலக் கொடி அதுதான். 120 காசோடு நிற்பவனுக்கு அங்கே இரண்டு வழி. ஓங்கி அடிக்க விரும்பினால் கட்டை, உடுப்பு, ஒரு பச்சிலை: 104 காசு. அடி தாங்க விரும்பினால் மூங்கில் தடி, தோல் கவசம், ஒரு பச்சிலை: அதுவும் 104 காசு. எந்த வழியில் போனாலும் மிச்சம் 16. அதற்கு 8 காசு விலையில் இரண்டு தீப்பந்தம் வாங்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாத ஒரு விளையாட்டில், ஆடுபவன் தான் எப்படிப்பட்ட வீரன் என்று முடிவெடுத்துவிட்டான்.

இந்த வகை விளையாட்டின் உச்ச சுவை தொடக்க மணித்தியாலங்களில்தான் இருக்கிறது. மலிவாகச் செய்யப்பட்ட விளையாட்டுகளில் அந்தச் சுவை இன்னும் துலக்கமாகத் தெரியும். காரணம் எண்கள். ஊருக்கு வெளியே முதலில் மறிக்கும் ஸ்லைம் என்ற சிறு பூதத்துக்கு உயிர் வெறும் 3. வீரனுக்கு 15 அளவில். ஒரு ஸ்லைமை வீழ்த்தினால் ஒரு அனுபவப் புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் இரண்டாம் லெவல். சத்திரத்தில் ஓர் இரவு தங்க 6 காசு. இவ்வளவு சிறிய எண்களில் ஒவ்வொன்றும் உடம்பில் உறைக்கிறது. இரண்டு அடியில் விழுந்த ஸ்லைம் அடுத்த லெவலில் ஒரே அடியில் விழும்போது, தான் வளர்ந்திருப்பதை ஆடுபவன் கைவிரலால் உணர்கிறான். அதே வகை விளையாட்டில் நாற்பதாவது மணித்தியாலத்தில் அடி 9,999 விழும். அது கண்ணுக்குப் பெரிது, கணக்குக்கு ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு ஸ்லைமை அடித்துவிட்டுத் திரும்புவதா, இருக்கிற உயிரோடு இப்போதே சத்திரத்துக்கு ஓடுவதா என்ற தவிப்பு அங்கே கிடையாது. டிராகன் குவெஸ்டில் வீரன் செத்தால் அரசனின் முன் மீண்டும் எழுப்பப்படுவான். அனுபவம் போகாது, கையிலிருந்த காசில் பாதி போய்விடும். செப்பு வாளுக்காக 170 வரை சேர்த்துவிட்டுச் செத்தவனுக்குத்தான் அந்தப் பாதியின் வலி தெரியும்.

கதவு பூட்டிய அரசவையில் விளையாட்டு தொடங்குவதும் தற்செயல் இல்லை. பெட்டிகளைத் திறந்து காசையும் தீப்பந்தத்தையும் சாவியையும் எடுக்க வேண்டும், அரசனோடும் காவலர்களோடும் பேச வேண்டும், சாவியால் கதவைத் திறக்க வேண்டும், படியில் இறங்க வேண்டும். அறையை விட்டு வெளியே வந்தவனுக்கு விளையாட்டின் கட்டளைகளில் பெரும்பாலானவை கைவந்துவிட்டன. பாடம் நடத்தியதாக ஒருவனுக்கும் தோன்றாது. இன்றைய பெரிய விளையாட்டுகள் அம்புக்குறியும் பெட்டிச் செய்தியும் போட்டு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுப்பதை, ஹோரி ஒரு பூட்டிய அறையை வைத்து முடித்துவிட்டார்.

இவை எல்லாம் 64 கிலோபைட் இடத்துக்குள் நடந்தவை. இடம் போதாததால் கத்தகானா எழுத்துகளில் ஏறக்குறைய இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளால் எழுதக்கூடிய பெயர்களைத் தேடிப் பிடித்தார்கள். வீரனை நான்கு திசையிலும் வரைய இடமில்லை. ஜப்பானியப் பதிப்பில் அவன் எப்போதும் முகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு நண்டு போல நடப்பான், யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எந்தத் திசையில் பேசுவது என்று தனியாகச் சொல்ல வேண்டும். சேமித்து வைக்க மின்கலம் கிடையாது. இருபது எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த நாள் எழுத்துப் பிசகாமல் திரும்ப அடிக்க வேண்டும்.

இந்த இல்லாமைகளுக்குள் ஒளிந்திருக்கும் கலையைக் குகையில் கேட்கலாம். குகைக்குச் சுகியாமா கொடுத்தது ஒரே ஒரு மெட்டு. ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க, அதே மெட்டு சுருதி இறங்கி, ஓட்டம் தளர்ந்து ஒலிக்கிறது. தீப்பந்த வெளிச்சத்தில் நம்மைச் சுற்றிச் சில கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. மேலே எத்தனை படி ஏற வேண்டும் என்பதைக் கண் மறந்தாலும் காது மறக்காது. புதிய இசைக்கு இடமில்லை என்ற நெருக்கடி இல்லாவிட்டால் இந்த உத்தி யாருக்காவது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். பெரிய வாத்தியக் குழுவை அமர்த்தி, குகைக்குக் குகை தனிப் பாட்டு வைத்த எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. ஆழம் என்ற உணர்ச்சியை இந்த அளவுக்குத் தந்தவை அவற்றில் குறைவு.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் இன்னொரு கோட்டை தெரியும். அது இறுதிப் பகைவனான டிராகன் லார்டின் கோட்டை. கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்தை முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டு, உலகமெல்லாம் சுற்றிக்கொண்டு வா என்று அனுப்புகிறார்கள். எல்லை எதுவும் கட்டி வைக்கப்படவில்லை. பாலத்தைக் கடந்தால் பகைவர்களின் பலம் கூடும், அவ்வளவுதான். பாலத்துக்கு இப்பால் மூன்று உயிர் ஸ்லைம். அப்பால் என்ன வரும் என்பது அடிபட்ட பிறகு தெரியும். 1987 டிசம்பர் 18 அன்று ஸ்குவேயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி’ பாலத்தை வேறு விதமாக ஆண்டது. ஹிரொனொபு சகாகுச்சியின் அந்த விளையாட்டில், கடத்தப்பட்ட இளவரசியைக் கார்லண்டிடமிருந்து மீட்ட பிறகுதான் அரசன் பாலம் கட்டித் தருகிறான். வீரர்கள் நால்வரும் அதில் கால் வைத்ததும் நொபுவோ உவெமட்சுவின் இசை எழுகிறது. படத்தின் தலைப்பு போல அறிமுகக் காட்சி அப்போதுதான் வருகிறது. ஒரு மீட்புக் கதையை முழுதாக நடத்தி முடித்த பின், கதை இனித்தான் ஆரம்பம் என்று சொல்லும் துணிச்சல் அது.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இந்தச் சுவை பிந்தித்தான் வந்தது. தொண்ணூறுகளில் தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக்கு வீடு ‘டி.வி. கேம்’ என்று அறியப்பட்டது ஃபமிகொமின் மலிவு நகல். மஞ்சள் கெசட் ஒன்றுக்குள் பல விளையாட்டுகள்: மரியோ, கொன்ட்ரா, டாங்கி. அவை சிறிய, உடனே ஆடி முடிக்கக்கூடிய விளையாட்டுகள். மணிக்கணக்காக ஜப்பானிய எழுத்தை வாசிக்க வைக்கும், சேமிப்பு தேவைப்படும் கதை விளையாட்டுகளுக்கு அந்தக் கெசட்டுகளில் இடமில்லை. அதே இயந்திரத்தின் மறு பாதி அப்படியே தெரியாமல் போயிற்று. பிறகு கணினி வந்து, எமுலேட்டரில் பொக்கேமொன் வந்தபோதுதான் பலருக்கு முதல் புல்வெளி, முதல் ஐந்தாம் லெவல் துணைவன், 300 காசுப் போஷன் எல்லாம் அறிமுகமாயின.

இன்று கைத்தொலைபேசிதான் வாசல். பிளேஸ்டேஷன் 5 வாங்க ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில் இலங்கை ரூபாவில் விலை கிடையாது, எல்லாம் டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது, 60 டொலர் விளையாட்டு 12,000 ரூபாவிலிருந்து 21,000க்கு மேலே போனது. 3 டொலர் விளையாட்டோ 600இலிருந்து ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. சார்ஜ் இருக்கும் ஃபோன், டேட்டா கேட்காத விளையாட்டு, வாசிக்கப் போதுமான கதை: மலிவு ஜே.ஆர்.பி.ஜி. இந்த மூன்றுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. முதல் டிராகன் குவெஸ்டே ஃபோனில் சில டொலருக்குக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிந்திய பதிப்புகளில் காசும் அனுபவமும் தாராளமாகக் கொட்டும். நேரம் இல்லாதவருக்கு அது உதவி. ஆனால் முதல் கடை வாசலில் நின்று விரல் விட்டு எண்ணும் அந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்துவிட்டது.

ஃபோன் ரசிகர்களுக்குப் பழகிய பெயர் கெம்கோ. ஹிரோஷிமா மாகாணத்துக் கூரே நகரைச் சேர்ந்த இந்த நிறுவனம் ஃபமிகொம் காலத்திலிருந்தே இருக்கிறது. இன்று அதன் சரக்கில் பெரும்பகுதி சில டொலர் விலையுள்ள, இணையம் கேட்காத கதை விளையாட்டுகள். விளம்பரத்தோடு இலவசமாகவும் சில கிடைக்கும். ‘அஸ்டிவைன் ஹார்ட்ஸ்’ நல்ல எடுத்துக்காட்டு. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஸாக், அவனுடைய தோழி ஸ்டெல்லா, பூனை உருவத்தில் வந்து சேரும் ஒளிக் கடவுள் ஃபெலிக்ஸ். இப்படியொரு தொடக்கம் எங்கோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும், பார்த்ததுதான். ஒரு கெம்கோ விளையாட்டில் கண்ட வீட்டுக் கூரையும் கிணறும் இன்னொன்றில் மறுபடி எதிர்ப்படும். அதில் குறை காண்பது எளிது. ஆனால் சண்டை சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிறது. எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது. எந்த நேரத்திலும் சேமிக்கலாம். பேஸ்லைன் வீதியில் பஸ் நெரிசலில் நிற்கும் கால் மணித்தியாலத்துக்குள் ஒரு குகையின் பாதியைத் தாண்டிவிடலாம். அவற்றின் உண்மையான பலவீனம் வேறிடத்தில்: பாத்திரங்கள் அளவுக்கு மீறிப் பேசுகின்றன. முதல் மணித்தியாலத்தில் பேச்சைப் பாதியாக வெட்டியிருந்தால் இவற்றில் பல இருமடங்கு நல்ல விளையாட்டுகளாகியிருக்கும்.

வெட்டத் தெரிந்தவர்கள் ஸெபோய்ட் கேம்ஸ். அமெரிக்காவில் ரொபர்ட் பொய்ட், பில் ஸ்டியர்ன்பர்க் என்ற இருவர் நடத்திய இந்தச் சிறு கூடம் 2010இல் எக்ஸ்பொக்ஸில் ‘பிரெத் ஒஃப் டெத் ஏழு’ என்ற விளையாட்டை ஒரு டொலருக்கு விற்றது. முந்திய ஆறு பாகம் கிடையாது, பெயரே அப்படித்தான். மனிதர்கள் அழிந்துபோன உலகத்தில் எலும்புக்கூட்டு வீரன் டெம், வாய் பேசாதவன். கூட வருபவர்கள் ஒரு பேயும் ஒரு இரத்தக்காட்டேரியும் ஒரு ஸொம்பி இளவரசனும். கேலிக் கதைதான், ஆனால் அதன் அடியில் இருக்கும் சண்டைப் பொறி நுட்பமானது. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் உயிர் முழுதாகத் திரும்பிவிடும். மந்திர சக்தி கொஞ்சம்தான் திரும்பும், அதுவும் எவ்வளவு விரைவாக வென்றோம் என்பதைப் பொறுத்தது. சண்டை நீள நீளப் பகைவர்கள் முறைக்கு முறை பலம் கூடுகிறார்கள். ஆகவே பத்திரமாக மெல்ல அடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. இரண்டாம் முறையிலேயே பெரிய மந்திரத்தை வீசுவதா, மிச்சம் பிடிப்பதா என்று யோசிக்க வேண்டும்.

லெவல் கூடும்போது இரண்டு வரங்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறது. பல பகைவரைச் சற்றே தாக்கும் மந்திரமா, ஒருவனை ஓங்கித் தாக்குவதா? முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே இப்படிப் பல தேர்வுகள் வந்துவிடுகின்றன. இன்னொன்று, பழைய விளையாட்டுகளில் மிகவும் சலிப்பூட்டிய திடீர் மறிப்புச் சண்டைகளுக்கு இடத்துக்கு இடம் ஓர் எண்ணிக்கை வைத்தார்கள். அந்த எண்ணிக்கை தீர்ந்தால் பிறகு யாரும் மறிக்க மாட்டார்கள், நிம்மதியாகப் பெட்டிகளைத் தேடலாம். இன்னும் அடிக்க ஆசைப்பட்டால் பட்டியலில் போய்ச் சண்டையைக் கேட்டு வாங்கலாம். அதே ஆண்டு முடிவில் வந்த ‘துலு சேவ்ஸ் த வேர்ல்ட்’ இதே பொறியைச் செம்மைப்படுத்தியது. சக்தி இழந்த பூதம் அதை மீட்க வேண்டுமென்றால் நல்ல வீரனாக மாற வேண்டும் என்பது கதை. 2011இல் இரண்டும் ஒன்றாக 3 டொலருக்கு ஸ்டீமில் வந்தன. அறுபது டொலர் விளையாட்டு எதுவும் வெட்கப்படாமல் கடன் வாங்கக்கூடிய வடிவமைப்பு அது.

ஜெர்மானியரான மத்தியாஸ் லிண்டா பெரும்பாலும் தனியாளாக உருவாக்கி 2022 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட ‘செயின்ட் எக்கோஸ்’ சற்று விலை கூடியது, ஏறக்குறைய 25 டொலர். அதன் தொடக்கம் அபாரம். கிளென், கிலியன் என்ற இரண்டு கூலிப் படையினர் தங்களுக்குக் கொடுத்த வேலையை முடிக்கிறார்கள். தாங்கள் வெடிக்க வைத்தது என்னவென்று தெரியாமலே எண்ணற்றவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். வேறு விளையாட்டுகள் முதல் மணித்தியாலத்தில் வீரனைப் பெருமையோடு அனுப்பி வைக்கும். இது குற்றத்தோடு அனுப்பி வைக்கிறது. சண்டையிலும் புதுமை உண்டு. மேலே ஒரு பட்டை; ஒவ்வொரு அடிக்கும் அதில் முள் நகரும். பச்சைப் பகுதியில் நின்றால் அடி தாங்கலாம், மந்திரம் மலிவு. சிவப்புக்குப் போனால் வாங்கும் அடி கூடும். பட்டை காட்டும் வகைத் திறனைப் பயன்படுத்தினால் முள் பின்வாங்கும். இதனால் மிகச் சாதாரணமான காட்டுப் பூச்சியோடு நடக்கும் சண்டையில்கூட ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அனுபவப் புள்ளியால் லெவல் கூடும் ஏற்பாடும் இங்கே இல்லை. முக்கியமான வெற்றிகளுக்குக் கிடைக்கும் துண்டுகளைக் கொண்டுதான் புதுத் திறன் கற்க வேண்டும். ஆகவே ஊர் எல்லையில் நின்று ஸ்லைம் அடித்துப் பலம் சேர்க்கும் குறுக்குவழி அடைபடுகிறது. அந்தக் குறுக்குவழியை நேசிப்பவர்களுக்கு இது இழப்புத்தான்.

காசே கேட்காத பெருஞ்சாதனைகளும் உண்டு. ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற கருவி ஜப்பானின் அஸ்கி நிறுவனத்திலிருந்து வந்தது. நிரல் எழுதத் தெரியாதவனுக்கும் கட்டம் கட்டமாக ஊர் அமைக்கக் கைகொடுத்தது. அதில் 2007இல் எஸ்.சி.எஃப். என்ற புனைபெயர்க்காரர் செய்து இலவசமாகக் கொடுத்தது ‘லாஸ்ட் சினாரியோ’. ஹில்பெர்ட் என்ற கிராமத்து இளைஞனிடம் ஸாவூ என்ற முதியவர் வந்து, நீ பழைய மாவீரனின் வழித்தோன்றல், உலகைக் காக்கக் கிளம்பு என்கிறார். பழகிய பல்லவி. ஆடுபவனும் பழகியபடியே ஏற்றுக்கொண்டு கிளம்புவான். அந்த அழைப்பைச் சந்தேகிக்கத் தவறியதை எழுத்தாளர் கணக்கில் வைத்திருக்கிறார் என்பது சில மணித்தியாலம் போன பிறகு புரியும். அதற்கு மேல் சொல்வது ஆடப் போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

நமது தீவின் வாசனை கொண்ட ஒன்றும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்க இணைந்து நிறுவிய அவுட்டர்லூப் கேம்ஸ், 2023 நவம்பரில் சுமார் 30 டொலர் விலையில் வெளியிட்ட ‘தர்ஸ்டி சூட்டர்ஸ்’. நாயகி ஜலா ஜயரத்ன, அமெரிக்காவின் டிம்பர் ஹில்ஸ் என்ற சிற்றூருக்குத் திரும்பி வரும் இளம்பெண். மறிப்பது ஸ்லைம் இல்லை, முன்னாள் காதலர்கள். முதலில் வருபவன் சிறு வயதுக் காதலன் செர்ஜியோ. சண்டை முழுக்க ஜப்பானிய முறை: உன் முறை, என் முறை, உயிர்ப்பட்டை, மந்திர சக்திக்குப் பதில் மனவலிமை. ஆனால் முதல் வேலை எதிராளியைச் சீண்டுவது. சீண்டலில் அவன் கோபப்படுகிறானா, மயங்குகிறானா, மனம் உடைகிறானா என்று கண்டுபிடித்து, அந்த மனநிலைக்கு ஏற்ற தாக்குதலை எடுக்க வேண்டும். பனியால் அடித்தால் தீப்பூதம் விழும் என்ற பழைய கணக்கை மனித உறவுக்கு மாற்றியிருக்கிறார்கள். சண்டைக்கு நடுவில் பழைய மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்கவும் வேண்டும். பிறகு வீடு, அடுப்படி, பெற்றோரோடு சேர்ந்து சமையல். பாத்திரம் பிடிக்கும் கைக்குக்கூட நேரம் பார்த்துப் பொத்தான் அழுத்த வேண்டும். வரப்போகும் பாட்டியை நினைத்து மொத்தக் குடும்பமும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்கு விளக்கம் எதுவும் விளையாட்டில் தேவைப்படவில்லை, தெமட்டகொடை வாசகருக்கும் தேவைப்படாது.